என் பங்கு சந்தையை முந்தியதா? குமுளி, வண்டன்மேடு பக்கத்து முதலீட்டாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமுளியில் வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் வேலை பார்க்கிறேன். கம்பத்திலும் போடியிலும் வீடு, வண்டன்மேட்டிலும் அணக்கரையிலும் ஏலக்காய்த் தோட்டம் என்று இருப்பவர்கள் வருகிறார்கள். வண்டிப்பெரியாறு எஸ்டேட் குடும்பங்களில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகளும் வருகிறார்கள். பத்தில் ஏழெட்டுப் பேர் கையில் இப்போது டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) உண்டு. வரிக் கணக்கு முடிந்ததும் பேச்சு பங்குப் பக்கம் திரும்பிவிடும். அப்போது வழக்கமாக வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்பதற்கு இதில் பதில் கிடையாது. வாங்கிய பங்கு எப்படி ஓடியது என்று நேர்மையாக அளப்பது எப்படி என்பது மட்டும்தான்.

என் பங்கு 50% லாபத்தில் இருக்கிறது. இதில் ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது?

எத்தனை வருடத்தில் 50% என்பதுதான் முதல் விஷயம். செயலியைத் திறந்தால் பச்சை நிறத்தில் ஒரு எண் தெரியும், பக்கத்தில் தேதி இருக்காது. 2020 டிசம்பர் கடைசியில் 100 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 2024 டிசம்பர் கடைசியில் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடம் ஆகியிருக்கிறது. கூட்டு வளர்ச்சியாகப் பார்த்தால் வருடத்துக்கு 10.7% வருகிறது.

அதே நான்கு வருடத்தில் நிஃப்டி 50 குறியீடு 13,981லிருந்து 23,644க்குப் போனது. அது 69% ஏற்றம், வருடத்துக்கு 14%. ஆக, உங்கள் பங்கு வங்கி வைப்பை முந்தியது, சந்தைக்குப் பின்தங்கியது. இரண்டும் உண்மைதான். நிஃப்டியில் உள்ள பங்குகளையே அதே அளவில் வாங்கி வைக்கும் ஒரு இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டுத் தோட்ட வேலையைப் பார்த்திருந்தால் இதைவிட அதிகம் கிடைத்திருக்கும் என்றால், பங்கைத் தேடிப் பிடிக்கச் செலவழித்த நேரத்துக்கும் கவலைக்கும் கூலி வரவில்லை என்றுதான் அர்த்தம்.

சந்தை என்றால் எதை எடுத்துக்கொள்வது? சென்செக்ஸா, நிஃப்டியா?

இந்த இரண்டுக்குள் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. சென்செக்ஸ் மும்பை பங்குச் சந்தையின் 30 பெரிய நிறுவனங்களின் குறியீடு. 1978-79ஐ 100 என்று அடிப்படையாக வைத்து 1986இல் வெளியிட ஆரம்பித்தார்கள். நிஃப்டி 50 தேசிய பங்குச் சந்தையுடையது. 1995 நவம்பர் 3ஆம் தேதி 1,000 என்று அதற்கு அடிப்படை. அங்கிருந்து 2024 முடிவு வரைக்கும் கணக்குப் போட்டால், ஈவுத்தொகை (நிறுவனம் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் பணம்) சேர்க்காமலே, வருடத்துக்குச் சுமார் 11.5% வருகிறது. நீண்ட காலக் கணக்குக்கு இந்த எண்ணை மனதில் வைத்திருப்பது நல்லது.

குறியீடு என்பது என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்வது சுலபம். புத்தடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் முடிந்ததும் இரண்டு விலை வரும்: அதிகபட்ச விலை ஒன்று, சராசரி விலை ஒன்று. 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ 7,000 ரூபாய் போனதே, அது அதிகபட்ச விலை. அன்றைக்குச் சரக்கு வைத்த எல்லோருக்கும் அந்த விலை கிடைக்கவில்லை, சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது. நம் காய் நல்ல விலைக்குப் போனதா என்று பார்க்க விவரம் தெரிந்தவர் சராசரியைத்தான் கேட்பார். குறியீடு அந்தச் சராசரி மாதிரி. டீக்கடையில் ஒருவர் சொல்லும் "பத்து மடங்கு ஏறிய பங்கு" அதிகபட்ச விலை. அதோடு ஒப்பிட்டால் எந்தப் பங்கும் மோசமாகத்தான் தெரியும்.

ஒரு திருத்தம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிஃப்டியில் 50 நிறுவனங்களுக்கும் சம எடை கிடையாது. சந்தையில் புழங்கும் பங்குகளின் மொத்த மதிப்பைப் பொறுத்து எடை. எச்.டி.எப்.சி. வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, ரிலையன்ஸ் போன்ற சில பெரிய நிறுவனங்கள் அசைந்தால் குறியீடே அசையும். நிதித் துறையின் எடை மட்டும் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல்.

நான் வைத்திருப்பது சிறிய நிறுவனம். அதையும் நிஃப்டி 50 உடன் ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2017இல் பரஸ்பர நிதிகளுக்காக (மியூச்சுவல் ஃபண்ட்) ஒரு வரையறை கொடுத்தது. சந்தை மதிப்பில் முதல் 100 இடம் பெரிய நிறுவனம், 101 முதல் 250 வரை நடுத்தரம், 251இலிருந்து சிறியது. இந்தப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரஸ்பர நிதி நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி வெளியிடுகிறது. உங்கள் நிறுவனம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, நடுத்தரம் என்றால் நிஃப்டி மிட்கேப் 150, சிறியது என்றால் நிஃப்டி ஸ்மால்கேப் 250 எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறிய நிறுவனங்கள் எல்லாமே ஓடிய வருடத்தில் உங்களுடையதும் ஓடியிருக்கும். அதை நிஃப்டி 50 பக்கத்தில் மட்டும் வைத்துப் பார்த்து, தேர்வு அபாரம் என்று நினைத்துவிடக் கூடாது. அதே சமயம், இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற கேள்விக்கு நிஃப்டி 50 அல்லது 500 நிறுவனங்கள் அடங்கிய நிஃப்டி 500தான் பதில். நான் இரண்டையும் பார்க்கச் சொல்வேன். ஒன்று உங்கள் தேர்வை அளக்கிறது, மற்றது உங்கள் பணத்தை அளக்கிறது.

எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை?

ஏமாற்றுவதற்கு மிக வசதியான இடம் இதுதான். 2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2019 முடிவில் நிஃப்டி 12,168. கொரோனா பயத்தில் 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13% விழுந்து 7,610இல் முடிந்தது. அந்த வருடக் கடைசியில் 13,981. வருடம் முழுவதையும் பார்த்தால் ஏற்றம் 15%. மார்ச் 23லிருந்து பார்த்தால் 84%. அதே சந்தைதான், அதே வருடம்தான்.

இப்போது ஒருவர் "எங்கள் பங்கு மார்ச் 23க்குப் பிறகு 80% ஏறியது" என்று விளம்பரம் செய்தால், அது சந்தைக்குக் கீழே ஓடிய பங்கு. நிஃப்டி வருடம் முழுவதற்கும் கொடுத்த 15% பக்கத்தில் அதை வைத்துக் காட்டினால் பொன்னாகத் தெரியும். ஆகவே பங்குக்கு ஒரு தேதி, குறியீட்டுக்கு வேறு தேதி என்று இருக்கவே கூடாது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து பாருங்கள். வாங்காத பங்கை ஆராய்கிறீர்கள் என்றால் ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் மூன்றையும் பாருங்கள். ஒவ்வொரு நிதியாண்டாகத் தனித்தனியே எழுதிப் பார்த்தால் இன்னும் தெளியும். ஐந்து வருடத்தில் நான்கு வருடம் பின்தங்கி ஒரே வருடத்தில் எகிறிய பங்கும், ஐந்து வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக முந்திய பங்கும் கடைசியில் ஒரே எண்ணைக் காட்டலாம். இரண்டாவது வகையைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

ஈவுத்தொகையைச் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். ஐ.டி.சி., கோல் இந்தியா மாதிரிப் பங்குகளில் விலையை மட்டும் பார்த்தால் அவற்றுக்கு அநியாயம் செய்கிறோம். வங்கிக் கணக்கில் வந்து விழுந்த ஈவுத்தொகை செயலியின் லாபக் கட்டத்தில் பெரும்பாலும் தெரியாது.

மறுபக்கம், தொலைக்காட்சியில் ஓடும் நிஃப்டியிலும் ஈவுத்தொகை இல்லை. அதைச் சேர்த்துக் கணக்கிடும் 'மொத்த வருமானக் குறியீடு' தனியாக இருக்கிறது, டி.ஆர்.ஐ. என்பார்கள். 2018 பிப்ரவரியிலிருந்து பரஸ்பர நிதிகள் தங்களை இதோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று செபி உத்தரவிட்டது. நிஃப்டிக்கு இந்த வித்தியாசம் வருடத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் அளவில் இருக்கும். பத்து வருடத்தில் அது சின்னத் தொகை இல்லை.

நான் ஒரே நாளில் வாங்கவில்லை. காய் விற்ற பணம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன். எப்படி ஒப்பிடுவது?

இந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேரின் நிலை இதுதான். ஆடி ஆவணியில் பறிப்பு ஆரம்பித்து, அடுத்தடுத்த பறிப்பில் பணம் வர வர வாங்குவார்கள். வேனிலில் கையில் காசு இருக்காது. சராசரி வாங்கிய விலையை எடுத்து, முதல் தேதியைப் போட்டுக் கணக்குப் பண்ணினால் விடை தவறாக வரும். கடைசியாகப் போட்ட பணத்துக்கு வேலை செய்ய அவ்வளவு நாள் கிடைக்கவில்லையே.

நான் சொல்லித் தருவது நிழல் கணக்கு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நீங்கள் பங்கில் பணம் போட்ட ஒவ்வொரு தேதியிலும், அதே பணத்தை நிஃப்டியில் போட்டதாகப் பக்கத்தில் எழுதுங்கள். விற்றால் அங்கும் விற்றதாக எழுதுங்கள். கடைசியில் இரண்டு மதிப்பையும் ஒப்பிடுங்கள்.

ஒரு உதாரணம். 2020, 2021, 2022 மூன்று வருடமும் டிசம்பர் கடைசி வர்த்தக நாளில் ஒரு பங்கில் ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாகப் போட்டீர்கள். மொத்தம் ஒன்றரை லட்சம். 2024 முடிவில் உங்கள் பங்கின் மதிப்பு 2,05,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 55,000 லாபம், சந்தோஷம்தான். நிழல் பக்கம் பார்ப்போம். அந்த நாட்களில் நிஃப்டி 13,981.75, 17,354.05, 18,105.30. 2024 முடிவில் 23,644.80. முதல் ஐம்பதாயிரம் 84,556 ஆகியிருக்கும். இரண்டாவது 68,125. மூன்றாவது 65,298. கூட்டினால் 2,17,979 ரூபாய். இதில் குறியீட்டின் ஈவுத்தொகை இன்னும் சேரவில்லை. ஆக நீங்கள் 55,000 சம்பாதித்தீர்கள், சந்தையோ அதே பணத்துக்கு 67,979 கொடுத்திருக்கும். கிட்டத்தட்ட 13,000 ரூபாய் பின்தங்கல்.

சதவீதமாக வேண்டும் என்றால் எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்ற சூத்திரம் இருக்கிறது. ஒரு வரிசையில் தேதி, அடுத்த வரிசையில் தொகை. போட்ட பணத்தைக் கழித்தல் குறியோடும், வந்த ஈவுத்தொகையையும் இன்றைய மதிப்பையும் கூட்டல் குறியோடும் எழுத வேண்டும். பங்குக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என இரண்டு முறை போட்டுப் பாருங்கள். ஆனாலும் ரூபாயில் எழுதிய நோட்டுதான் மனதில் நிற்கிறது என்பது என் அனுபவம்.

போனஸ், உரிமைப் பங்கு, பிரிப்பு வந்தால்?

போனஸும் (இலவசமாக வரும் பங்கு) முகமதிப்புப் பிரிப்பும் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) சுலபம். ஃபெடரல் வங்கி 2015இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. பங்கு இரட்டிப்பானது, விலை பாதியானது, உங்கள் சொத்து மாறவில்லை. இப்போதைய விலை வரைபடங்கள் பழைய விலையைத் தானாகவே சரிசெய்து காட்டும். வாங்கியபோது தரகர் தந்த உங்கள் பழைய ஒப்பந்தக் குறிப்பில் இருக்கும் விலையோ சரிசெய்யாதது. அதையும் இதையும் கலந்து பார்த்தால் பங்கு பாதியாக விழுந்த மாதிரி தெரியும்.

உரிமைப் பங்கில், அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குக் குறித்த விலையில் புதுப் பங்கு வாங்க உரிமை தரும் வெளியீட்டில், கவனம் வேண்டும். சவுத் இந்தியன் வங்கி 2024 மார்ச்சில் நான்கு பங்குக்கு ஒன்று வீதம் 22 ரூபாய்க்குக் கொடுத்தது. அப்படி ஒரு வெளியீடு வரும்போது சந்தை விலை 30 என்று வைத்துக்கொண்டால், நான்கு பங்கு 120, புதுப் பங்குக்கு 22, ஆக 142ஐ ஐந்தால் வகுத்து 28 ரூபாய் 40 பைசா. விலை அந்த அளவு இறங்குவது நஷ்டம் இல்லை. ஆனால் நீங்கள் 22 ரூபாய் புதிதாகப் போட்டிருக்கிறீர்கள், அதை நிழல் கணக்கிலும் அன்றைய தேதியில் எழுத வேண்டும். உரிமையை வாங்கவும் இல்லை, சந்தையில் விற்கவும் இல்லை என்றால் அதுதான் நிஜமான நஷ்டம். டீமேட்டில் உரிமை தனியாக வந்து நிற்கும், சில நாள் மட்டும் விற்கலாம். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

நிறுவனப் பிரிப்பும் அப்படித்தான். 2025 ஜனவரியில் ஐ.டி.சி.யிலிருந்து ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் பிரிந்து, பத்துப் பங்குக்கு ஒன்று கிடைத்தது. ஐ.டி.சி.யை மட்டும் பார்க்கிறவர் அந்த ஒரு பங்கை மறந்துவிடுகிறார்.

சக நிறுவனங்கள் என்றால் யார்? ஒரே தொழில் என்றால் போதுமா?

போதாது. எட்டு மில்லிமீட்டர் தரம் பிரித்த காயையும் பிரிக்காத மொத்தக் காயையும் ஒரே விலையில் யாரும் கேட்பதில்லை. நிறுவனங்களும் அப்படித்தான். இங்கே பலரிடம் இருக்கும் தென்னகத்துப் பழைய தனியார் வங்கிகளை எடுத்துக்கொள்வோம். ஆலுவாவின் ஃபெடரல், திருச்சூரின் சவுத் இந்தியன், சி.எஸ்.பி., தனலட்சுமி, இந்தப் பக்கம் கரூர் வைசியா, கும்பகோணத்தின் சிட்டி யூனியன், தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல். பார்க்க ஒரே குடும்பம் மாதிரிதான். உள்ளே போனால் வேறு வேறு. ஃபெடரலுக்கு வெளிநாட்டில் இருப்பவர்களின் வைப்பு பெரிய பலம். சி.எஸ்.பி.யின் கடனில் நகைக்கடனுக்குப் பெரிய பங்கு. சிட்டி யூனியன் சிறு, குறு தொழில்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்தது. அளவிலும் ஃபெடரலுக்கும் தனலட்சுமிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

காலமும் இடிக்கும். சி.எஸ்.பி. 2019 டிசம்பரில்தான் பட்டியலுக்கு வந்தது, தமிழ்நாடு மெர்க்கன்டைல் 2022 செப்டம்பரில். பத்து வருட ஒப்பீட்டில் இவை இரண்டுக்கும் இடமே இல்லை.

ஆகவே நான் மூன்று கேள்வி கேட்பேன். பணம் எங்கிருந்து வருகிறது? அளவு ஏறக்குறைய ஒன்றா? எந்தச் செய்தி வந்தால் இரண்டும் ஒரே பக்கம் அசையும்? இந்த மூன்றிலும் ஒத்துப்போகிற மூன்று நான்கு நிறுவனங்கள் கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை என்றால் துறைக் குறியீட்டை எடுங்கள். வங்கி, தகவல் தொழில்நுட்பம், மருந்து, வாகனம், நுகர்பொருள் எல்லாவற்றுக்கும் நிஃப்டி குறியீடு உண்டு.

விலையை மட்டும் பார்க்காமல், விலை எதனால் ஏறியது என்றும் பாருங்கள். வங்கிகளில் பங்கு விலையைப் புத்தக மதிப்பால் (சொத்திலிருந்து கடனைக் கழித்தால் ஒரு பங்குக்கு வரும் தொகை) வகுத்துப் பார்ப்பது வழக்கம். லாபமும் புத்தக மதிப்பும் வளர்ந்ததால் விலை ஏறியதா, முன்பு 0.8 மடங்குக்குப் போன பங்கை இப்போது 1.4 மடங்குக்கு வாங்க ஆள் வந்ததால் ஏறியதா? இரண்டாவது ஏற்றம் திரும்பத் திரும்பக் கிடைக்காது. வாராக்கடன் விகிதத்தையும் சொத்தின் மீதான வருமானத்தையும் சக வங்கிகளோடு பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், சந்தை ஒன்றுக்கு அதிக விலையும் மற்றதுக்குக் குறைந்த விலையும் கொடுப்பதன் காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

முத்தூட் ஃபைனான்ஸ், மணப்புரம் ஃபைனான்ஸ் இரண்டும் நகைக்கடன்தானே. ஏன் ஒன்றுபோல ஓடவில்லை?

கொச்சி முத்தூட்டும் வலப்பாடு மணப்புரமும் நகைக்கடனில் நேர் போட்டியாளர்கள்தான். தங்கம் விலை ஏறினால் அதே நகைக்கு அதிகக் கடன் கொடுக்கலாம், அதனால் இரண்டுக்கும் நல்லது. ஆனால் மணப்புரம் நகையைத் தாண்டி வாகனக் கடன், வீட்டுக் கடன், குறுங்கடன் என்று பரவியது. அதன் துணை நிறுவனம் சென்னை ஆசிர்வாத் மைக்ரோ ஃபைனான்ஸ். 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, வட்டி நிர்ணய முறையில் குறை கண்டு, ஆசிர்வாத் புதுக் கடன் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. மணப்புரம் பங்கு சடாரென்று விழுந்தது. 2025 ஜனவரியில் தடை நீங்கியது. முத்தூட்டுக்கும் பெல்ஸ்டார் என்ற குறுங்கடன் நிறுவனம் உண்டு, ஆனால் மொத்த வியாபாரத்தில் அதன் அளவு சிறியது.

அந்த அக்டோபரில் இரண்டு பங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு, இது நகைக்கடன் தொழிலின் பிரச்சினை இல்லை, ஒரு நிறுவனத்தின் ஒரு பிரிவின் பிரச்சினை என்று உடனே புரிந்திருக்கும். சக நிறுவன ஒப்பீட்டின் உண்மையான பயன் இதுதான். யார் முதலிடம் என்று தெரிந்துகொள்வது அவ்வளவு முக்கியம் இல்லை.

என் பங்கு 12% விழுந்தது. காரணம் சந்தையா, தொழிலா, நிறுவனமா?

மூன்றாகப் பிரிக்கலாம். டயர் நிறுவனப் பங்கு ஒன்று ஒரு மாதத்தில் 12% விழுந்தது. அதே மாதம் நிஃப்டி 500 5% இறக்கம். எம்.ஆர்.எப்., அப்போலோ, சியட், ஜே.கே. டயர் நான்கின் சராசரி 9% இறக்கம். அப்படியானால் 5 சந்தையால், அடுத்த 4 தொழிலால், மீதி 3 உங்கள் நிறுவனத்தால். (எண்கள் உதாரணத்துக்கு.)

தொழிலால் வந்த அந்த 4க்குக் காரணம் தேட நாம் தூரம் போக வேண்டாம். கோட்டயத்தில் ரப்பர் போர்டு தினமும் வெளியிடும் ஷீட் விலையைப் பாருங்கள். ரப்பர் ஏறினால் தோட்டக்காரருக்கு லாபம், டயர் கம்பெனிக்குச் செலவு. இந்த மலையில் இரண்டும் வைத்திருப்பவர்கள் உண்டு. மீதி 3க்குத்தான் நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையைப் படிக்க வேண்டும். 12ஐயும் ஒரே மூட்டையாகப் பார்த்துப் பயந்து விற்பவர்கள், சந்தைமீது இருக்க வேண்டிய கோபத்தை நிறுவனத்தின்மேல் காட்டுகிறார்கள்.

பீட்டா என்கிறார்களே, அது எனக்குத் தேவையா?

கொஞ்சம் தேவை. சந்தை 10% அசைந்தால் இந்தப் பங்கு பொதுவாக எவ்வளவு அசையும் என்பதே பீட்டா. 1.4 என்றால் 14% அளவுக்கு. அப்படிப்பட்ட பங்கு, சந்தை 10% ஏறிய வருடத்தில் 13% ஏறியிருந்தால், முந்தியது போலத் தெரிந்தாலும் அதன் குணத்துக்குக் குறைவாகத்தான் ஓடியிருக்கிறது. இறக்கத்திலும் அதே வேகத்தில் விழும். பீட்டா கடந்த கால விலையிலிருந்து கணக்கிடுவது, மாறிக்கொண்டே இருக்கும். அதைச் சாசனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பீட்டாவை விட, உச்சத்திலிருந்து எவ்வளவு விழுந்தது, மீண்டு வர எவ்வளவு காலம் ஆனது என்று பார்ப்பது சாதாரண ஆளுக்கு உதவும். சென்செக்ஸ் 2008 ஜனவரி 8 அன்று 20,873இல் முடிந்தது. 2009 மார்ச் 9 அன்று 8,160. அறுபது சதவீதத்துக்கு மேல் இறக்கம். 2010 நவம்பரில், தீபாவளியை ஒட்டித்தான் அந்த முடிவு விலையைத் தாண்டியது. அந்தக் காலத்தில் உங்கள் பங்கு எவ்வளவு விழுந்தது, எப்போது மீண்டது? பல பங்குகள் மீளவே இல்லை. பாதியாக விழுந்த பங்கு பழைய விலைக்கு வர இரட்டிப்பாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

பங்கு விலையைக் குறியீட்டால் வகுத்துக் கோடு போடுகிறார்களே?

நல்ல வழி. தினமோ வாரமோ பங்கு விலையைக் குறியீட்டால் வகுத்து வரைந்தால், கோடு ஏறும்போது பங்கு முந்துகிறது, இறங்கும்போது பின்தங்குகிறது. பங்கும் விலையில் ஏறிக்கொண்டே இந்தக் கோட்டில் இறங்கலாம், அதைத்தான் கவனிக்க வேண்டும். செயலிகளில் ஆர்.எஸ்.ஐ. என்று வருவது வேறு. அது பங்கைத் தன்னோடு தானே ஒப்பிடுவது, அதில் சந்தை வராது.

எம்.ஆர்.எப். ஒரு லட்சம் ரூபாய், சவுத் இந்தியன் வங்கி சில பத்து ரூபாய். முதலாவதுதானே பெரிய நிறுவனம்?

ஒரு பங்கின் விலையை வைத்து எதையும் சொல்ல முடியாது. எம்.ஆர்.எப். 2023 ஜூனில் இந்தியாவிலேயே முதல்முறையாக ஒரு லட்சத்தைத் தொட்ட பங்கு. அதற்கு மொத்தமே சுமார் 42 லட்சம் பங்குகள்தான், பிரிக்கவே இல்லை. சவுத் இந்தியன் வங்கிக்கு முகமதிப்பு ஒரு ரூபாய், பங்குகள் நூற்றுக்கணக்கான கோடி. ஒப்பிட வேண்டியது சதவீத மாற்றமும் மொத்தச் சந்தை மதிப்பும்.

வாட்ஸ்அப் குழுவில் வரும் "பத்து வருடத்தில் இருபது மடங்கு" பட்டியல்களை நம்பலாமா?

அந்தப் பட்டியலில் இருப்பவை பிழைத்தவை மட்டும். இன்றைய பட்டியலை வைத்துக்கொண்டு பின்னால் போனால் எல்லாம் வெற்றியாகத்தான் தெரியும். 1986 சென்செக்ஸில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் இந்துஸ்தான் மோட்டார்ஸும் இருந்தன. மென்பொருள் நிறுவனமான சத்யம் 2009 ஜனவரி வரை நிஃப்டியில் இருந்தது. யெஸ் வங்கி 2020 மார்ச் வரை இருந்தது. அன்றைக்கு அவற்றை வைத்திருந்தவர்களும் தாங்கள் நல்ல நிறுவனத்தில்தான் இருக்கிறோம் என்று நம்பினார்கள். சக நிறுவனங்களைப் பட்டியலிடும்போது, நீங்கள் வாங்கிய நாளில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். காணாமல் போனவர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

பரிந்துரை சொல்பவர் செபியில் பதிவு செய்தவரா என்று செபி இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு இல்லாதவர் காட்டும் லாபப் படம் எதையும் நான் ஒப்பீட்டில் எடுத்துக்கொள்வதில்லை.

தங்கத்தோடு ஒப்பிடலாமா?

பணத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஒப்பிடலாம். உங்கள் பங்குத் தேர்வு நல்லதா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

பின்தங்கிய பங்கை உடனே விற்றுவிடலாமா?

ஒரு வருடம் பின்தங்கியதற்காக விற்கச் சொல்ல மாட்டேன். நல்ல நிறுவனங்களும் ஓரிரு வருடம் பின்தங்குகின்றன. மூன்று வருடமாகச் சந்தைக்கும் கீழே, சக நிறுவனங்களுக்கும் கீழே, அறிக்கையில் லாபமும் சக நிறுவனங்களைவிட மெதுவாக வளர்கிறது என்றால், வைத்திருப்பதற்கு நீங்கள்தான் காரணம் சொல்ல வேண்டும். சக நிறுவனங்களும் சேர்ந்து பின்தங்கியிருந்தால் அது தொழிலின் காலம், முடிவு வேறு மாதிரி இருக்கலாம்.

விற்றால் வரியையும் கழித்துப் பாருங்கள். 2024 ஜூலை 23 முதல், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்த பங்கின் லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் தாண்டிய தொகைக்கு 12.5%. அதற்குள் விற்றால் 20%. வரியின் மேல் போடும் செஸ் தனி. சில நாட்கள் பொறுத்தால் பன்னிரண்டு மாதம் தாண்டிவிடும் என்றால் பொறுப்பதில் அர்த்தம் உண்டு.

அப்பா வாங்கிப் போட்ட பழைய பங்குகள் எனக்கு வந்திருக்கின்றன. எந்த விலையிலிருந்து ஒப்பிடுவது?

இங்கே இரண்டு கணக்கு. நீங்கள் வைத்திருப்பது சரியா என்று பார்க்க, உங்கள் பெயருக்கு மாறிய நாளின் விலையை எடுங்கள். அன்றே விற்று இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருக்கலாமே, அந்த முடிவு உங்களுடையது. அப்பா 1990களில் என்ன விலைக்கு வாங்கினார் என்பது இதில் வராது.

வரிக்கோ அப்பா வாங்கிய விலையும் தேதியும்தான் உங்களுக்கும். 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பட்டியலிட்ட பங்கு என்றால், அந்த ஜனவரி 31ஆம் தேதியின் அதிகபட்ச விலையையும் அசல் விலையையும் ஒப்பிட்டு, அதிகமானதை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். விற்ற விலை அந்த 2018 விலையைவிடக் குறைவாக இருந்தால், விற்ற விலையையும் அசல் விலையையும் ஒப்பிட்டு அதிகமானதை எடுக்க வேண்டும். காகிதச் சான்றிதழாகவே இருக்கிறது என்றால் முதலில் டீமேட்டுக்கு மாற்றுங்கள். மாற்றாமல் சந்தையில் விற்க முடியாது. பழைய பெட்டியில் ஒப்பந்தக் குறிப்போ, ஒதுக்கீட்டுக் கடிதமோ கிடைத்தால் சான்றிதழோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள், போனஸ் வந்த வருடங்களை எடுத்துக் கணக்குப் போட அது வேண்டும்.